கையொப்பமும் துடைப்பமும்: நிறுத்தப்பட்ட தொடர்களை மீட்கும் மனுக்கள் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற வாரம் துறையின் இளைய ஆய்வு மாணவர் ஒருவர் இணைய மனு ஒன்றின் இணைப்பை அனுப்பி, "அண்ணா, ஒரு கையெழுத்துப் போடுங்க, உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க" என்று கேட்டிருந்தார். அவர் விரும்பிப் பார்த்துவந்த ஓடிடி தொடர் ஒன்று இரண்டாம் சீசனோடு, கதை பாதியில் நிற்க, நிறுத்தப்பட்டுவிட்டது. அதை மீட்க வேண்டும் என்பது கோரிக்கை. உடனே கையொப்பமிட்டிருக்கலாம், அரை நிமிட வேலை. ஆனால் நான் பிறந்த சின்னக்கானல், ரசிகர் மனு என்பதை மிக அண்மையில், மிக வேறான ஒரு பொருளுக்காகச் சந்தித்த ஊர். அந்த நினைவு கையைத் தடுத்தது. இத்தகைய மனுக்கள் எப்போதாவது பலித்திருக்கின்றனவா, பலித்திருந்தால் எதனால் என்று பழைய குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன். மாணவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கே பொதுவில் வைக்கிறேன்.

ரசிகர் மனுவின் தோற்றக் கதையாக எல்லோரும் சொல்வது 'ஸ்டார் டிரெக்' தொடரின் கதை. 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர் இரண்டாம் சீசனோடு முடியப்போகிறது என்ற செய்தி பரவியபோது, பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதியர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை ஏறத்தாழ 1,16,000 கடிதங்கள் வந்ததாக நிறுவனம் சொன்னது. ரசிகர் மரபில் இந்த எண் பத்து இலட்சமாக வளர்ந்துவிட்டது. மனு வரலாறுகளில் எண்கள் வளர்வது வழக்கம்தான். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள். கதை பொதுவாக இங்கே நிறுத்தப்படும். அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். மூன்றாம் சீசன் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது. இளையோர் வீட்டில் இராத நேரம் அது. செலவுத் தொகை குறைக்கப்பட்டது. 1969இல் தொடர் முடிந்தே போயிற்று. ஆயினும் அந்த மூன்றாம் சீசனால் மொத்தம் 79 அத்தியாயங்கள் சேர்ந்திருந்தன. அவை உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்கப் போதுமானவையாக இருந்தன. எழுபதுகளில் அந்த மறு ஒளிபரப்புகளே புதிய பார்வையாளரை உருவாக்கி, 1979இன் திரைப்படத்துக்கும் 1987இன் அடுத்த தொடருக்கும் வழிவிட்டன. கடிதம் எழுதியவர்கள் கேட்டது ஒன்று. அவர்கள் பெற்றுத்தந்தது அவர்களே எண்ணிப்பாராத இன்னொன்று.

நம் பக்கத்தில் இதற்கு முந்தைய நிகழ்வு ஒன்று உண்டு. அதை ரசிகர் இயக்கம் என்று யாரும் அழைப்பதில்லை. 1952இல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரம் சுருங்கி, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஒரு நிகழ்ச்சி மட்டுமல்ல, ஒரு வகைமையே நிறுத்தப்பட்டது எனலாம். கேட்போர் பெரும்பாலும் அமைச்சருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை; குமிழைத் திருகினார்கள். வலுவான சிற்றலைப் பரப்பியைக் கொண்டிருந்த இலங்கை வானொலி இந்தியிலும் தமிழிலும் திரைப்பாடல்களை அள்ளி வழங்கியது. அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' அதே 1952இல் தொடங்கியது. நேயர் கடிதங்கள் கொழும்பு நிகழ்ச்சிக்குக் குவிந்தன. விளம்பரப் பணமும் அங்கேயே சென்றது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, எங்கள் மலையின் தேயிலைத் தோட்ட லயங்களிலும் மாலை நேரத்தில் கேட்டது கொழும்புதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று, விவித பாரதி பிறந்தது. அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான். அவருடைய இசைச் சுவை மாறியதாகத் தெரியவில்லை. நேயர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சரிந்துவரும் ஒரு நிறுவனத்தைத் திருத்த மக்களிடம் இரு வழிகள் உள்ளன என்றார்: வெளியேறுதல், குரல் கொடுத்தல். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது பற்று. நம் துறை மாணவர்களுக்கு இது பழகிய பாடம். ரசிகரிடம் இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். ரசிகர் என்பவரே வெளியேற மனமில்லாதவர். அவர் நேசிக்கும் தொடரோ ஏற்கெனவே இல்லை; இல்லாத ஒன்றைவிட்டு எப்படி வெளியேறுவது? தொடரை வெளியிட்ட தளத்தின் சந்தாவை விடலாம். ஆனால் அங்கே அவருக்குப் பிடித்த வேறு நான்கு தொடர்கள் இருக்கும். ஆகவே பெரும்பாலான மனுக்களில் எஞ்சுவது குரல் மட்டுமே.

வெளியேறவே வழியில்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. உலக ஊடக வரலாறுகளில் அதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. முதலில் திட்டமிட்டது 52 வாரங்கள். நீட்டிப்புப் பெற்று 78 அத்தியாயங்களாக, 1988 ஜூலை 31 ஞாயிறன்று நிறைவடைந்தது. இராமனின் முடிசூட்டலோடு கதை முடிந்தது. தமிழ் வாசகருக்கு இது இயல்பான முடிவாகவே தோன்றும். கம்பனும் அவ்வாறே முடித்தான்; உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது நம் மரபு. ஆனால் பஞ்சாபிலும் அண்டை மாநிலங்களிலும் வாழும் வால்மீகி சமூகத்தாருக்கு அது முடிவல்ல. வால்மீகி முனிவரைத் தம் குருவாகவும் முன்னோராகவும் போற்றுபவர்கள் அவர்கள். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அம்முனிவர் அடைக்கலம் தருவதும், லவனும் குசனும் அவர் ஆசிரமத்தில் வளர்ந்து இராமகாதையைக் கற்பதும் உத்தர காண்டத்தில்தான் வருகின்றன. அதை விட்டுவிட்டால் வால்மீகி தம் கதையிலிருந்தே வெளியேற்றப்படுகிறார். நாடே ஞாயிறு காலை வேலையை விட்டுவிட்டுப் பார்த்த கதையில், தம் குரு மட்டும் இல்லை.

அச்சமூகத்தாரில் பெருந்தொகையினர் நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் அந்தப் பணியில் தேங்கியது சாதியத்தின் வேலை; அதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஜலந்தரில் அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். தொடர் நீட்டிக்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. மழைக்காலத்தில் தெருக்களில் குப்பை மலைபோல் சேர்ந்தது. அரசு இறங்கி வந்தது. சாகரிடம் பேசி, உத்தர காண்டக் கதையை 'லவ குசர்' தொடராக எடுக்க வைத்தது. 1988 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை அது ஒளிபரப்பாயிற்று.

இந்நிகழ்வைக் குறிப்பிடும் எழுத்துகள் பலவற்றில் ஒரு மெல்லிய புன்னகை இருப்பதைக் கவனித்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பித்துப் பிடித்த நாடு, தொடருக்காகக் குப்பை அள்ள மறுத்த மக்கள் என்பது போல. இந்தப் புன்னகையில் எனக்கு உடன்பாடு இல்லை. 'ரசிகர்' என்ற சொல்லே இங்கே பொருந்துமா என்பது ஐயம். தமக்குப் பிடித்ததை அவர்கள் கேட்கவில்லை. நாட்டின் ஒரே தொலைக்காட்சி தம்மைக் கதையிலிருந்து நீக்கியதை ஏற்க மறுத்தார்கள். அன்று தூர்தர்ஷனுக்குப் போட்டி கிடையாது. (இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் உயர்ந்த ஆண்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்தவர்கள் நீங்கலாக.) 1952இன் நேயரைப்போல் குமிழைத் திருகி எங்கும் போக முடியாது. ஆனால் அவர்கள் கையில் வேறொன்று இருந்தது. அந்த உழைப்பு ஒரு வாரம் நின்றால் நகரம் நாறும். அந்த நாற்றம் மனுவைப் பெறுபவரின் வாசலுக்கும் வரும். ஒரு தொடரை மீட்பதற்காக வைக்கப்பட்ட கோரிக்கைகளில் இத்தனை விரைவாகவும் முழுமையாகவும் நிறைவேறியதாக வேறொன்றை நான் அறியேன். அதில் கையொப்பம் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை.

இனி இணையக் காலத்துக்கு வருவோம். இங்கே எடுத்துக்காட்டுகள் ஏராளம். பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை என்பதால் விரைந்து கடக்கிறேன். 2007இல் 'ஜெரிக்கோ' தொடரை சிபிஎஸ் நிறுத்தியபோது, தொடரில் வரும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் அந்நிறுவன அலுவலகங்களுக்கு இருபது டன் நிலக்கடலையை அனுப்பினார்கள். ஏழு அத்தியாயங்கள் கிடைத்தன; பிறகு மீண்டும் நின்றது. 2017 ஜூனில் 'சென்ஸ்8' தொடரை நிறுத்திய நெட்ஃபிளிக்ஸ், எதிர்ப்புக்குப் பின் இரண்டு மணி நேர நிறைவுப் படம் ஒன்றை எடுத்து 2018 ஜூனில் வெளியிட்டது. கேட்டது ஆயுள், கிடைத்தது முறையான ஈமக்கடன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாம் சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 2019இல் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர், எதுவும் நடக்கவில்லை.

ரசிகர் வெற்றிக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 'புரூக்ளின் நைன்-நைன்'. ஃபாக்ஸ் நிறுவனம் 2018 மே 10 அன்று அதை நிறுத்தியது. மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட ஒன்றரை நாளில் இணையம் கொந்தளித்தது உண்மை. ஆனால் அத்தொடரைத் தயாரித்தது யுனிவர்சல் டெலிவிஷன். அதுவும் என்பிசியும் ஒரே குழுமத்தின் பிள்ளைகள். தன் வீட்டுப் பண்டத்தை அயல்வீடு திருப்பியனுப்பினால் எடுத்துவைத்துக்கொள்ள ஒரு காரணம் ஏற்கெனவே இருந்தது. கூச்சல் அந்த முடிவைப் பாதுகாப்பானதாகக் காட்டியது எனலாம். முடிவைப் பிறப்பித்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

தமிழ்த் தொலைக்காட்சிக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். நம் நெடுந்தொடர்களின் ஆயுளை முடிவுசெய்வது வாராந்தரப் பார்வையாளர் அளவீடு. அதைத் தருவது பார்க் அமைப்பு, நாடெங்கும் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் பொருத்திய கருவிகளின் வழியே. மதுரையிலோ சிங்கப்பூரிலோ இருந்து ஓர் இலட்சம் பேர் மனுவில் ஒப்பமிட்டாலும், அவர்களில் கருவி உள்ள வீட்டார் எவருமில்லையெனில் அந்தக் கணக்கேட்டில் அவர்கள் இல்லவே இல்லை. 2024 ஜூனில் முடிந்த சன் டிவியின் 'எதிர்நீச்சல்', அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பியபோது, முடிவு பிடிக்காத ரசிகர்களின் ஆதங்கமே அதைக் கொண்டுவந்தது என்று பலரும் எழுதினர். ஆதங்கம் இருந்தது. அதனுடன், முதற்பாகம் உச்சியில் இருந்த நாட்களின் அளவீடுகளும் இருந்தன; இயக்குநர் திருச்செல்வமும் இருந்தார். விற்கத் தெரிந்த பெயர் ஒன்று கையில் இருக்கையில் நிறுவனத்துக்கு மனு எதற்கு?

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வைச் சொல்லாமல் போக முடியாது. 2017 ஜூலையில் சோனி தொலைக்காட்சியில் தொடங்கிய 'பெஹ்ரேதார் பியா கி' தொடரில் பத்து வயதுச் சிறுவனுக்கும் இளம்பெண்ணுக்கும் திருமணம் நடப்பதாகக் காட்டினார்கள். அதை நிறுத்தக் கோரிய இணைய மனு தகவல் ஒலிபரப்பு அமைச்சருக்கு முகவரியிடப்பட்டது. விஷயம் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழுவுக்குச் சென்றது. தொடரை இரவு பத்து மணிக்கு மாற்றச் சொன்னார்கள். ஆகஸ்ட் 28 அன்று தொடரே நின்றது. ஒன்றை நிறுத்தக் கோரும் மனுவைப் பெற நம் நாட்டில் அலுவலகம் இருக்கிறது, விதிமுறை இருக்கிறது. நிறுத்தப்பட்டதைத் தொடரக் கோரும் மனுவுக்கு அப்படியொரு மேசை இல்லை. பிந்தையது உரிமையாளரின் வாசலில் நின்று கேட்பது மட்டுமே.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். 2011 ஜனவரியில் பிபிசி தன் இந்திச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மார்க் டல்லி, விக்ரம் சேத், அருந்ததி ராய் போன்றோர் ஒப்பமிட்ட கடிதம் இலண்டன் நாளிதழில் வெளியானது. மாலையில் ஒரு மணி நேர ஒலிபரப்பு தப்பிப் பிழைத்து 2020 ஜனவரி 31 வரை நீடித்தது. அதன் நேயர்களில் பெரும்பான்மையோர் பீகார், உத்தரப் பிரதேச கிராமத்தார். அவர்களுக்கு அந்த ஒன்பதாண்டுகளைப் பெற்றுத்தந்தது இலண்டனில் அறியப்பட்ட பெயர்கள்தாம் என்று நினைக்கிறேன். நம் தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அதற்கு இத்தகைய தவணை வாய்க்கவில்லை.

தொடக்கத்தில் சின்னக்கானலைக் குறிப்பிட்டேன். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை இக்குறிப்பைப் படிப்பவர்கள் அறிந்திருப்பீர்கள். அரிசிக்காக நியாய விலைக் கடைகளை உடைத்ததால் வந்த பெயர். அதைப் பிடித்துச்செல்லும் திட்டத்துக்குக் கேரள உயர் நீதிமன்றம் தடைபோட்டபோது, 2023 மார்ச் 30 அன்று சின்னக்கானல், சாந்தன்பாறை உள்ளிட்ட பஞ்சாயத்துகளில் கடையடைப்பு நடந்தது. ஏப்ரல் 5 அன்று, யானையைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு மாற்றலாம் என்று நீதிமன்றம் சொன்னது. உடனே முதலமடைப் பகுதி மக்கள் தெருவில் இறங்கினர், அங்கும் கடையடைப்பு. இறுதியில் பரம்பிக்குளம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட யானை பெரியார் புலிகள் காப்பகத்துக்குச் சென்றது. மே மாத இறுதியில் அது கம்பம் நகருக்குள் வந்ததும், ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாற்றில் விட்டதும் அறிந்த செய்திகள்.

இதற்கிடையில் யானைக்கு ரசிகர் மன்றங்கள் தோன்றின. ஃபிளெக்ஸ் பலகைகள் எழுந்தன. அதை மீண்டும் சின்னக்கானலுக்கே கொண்டுவர வேண்டும் என்று இணையமெங்கும் கோரிக்கைகள். வழக்குகள் மதுரைக் கிளைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றன. யானை திரும்பவில்லை.

தொடரையும் யானையையும் ஒன்றாக வைப்பது முறையா என்று கேட்கலாம். உயிருள்ள விலங்கு கேளிக்கைப் பொருளல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கைபேசித் திரையில் அதைப் பார்த்த பல இலட்சம் பேருக்கு அது ஒரு தொடராகவே ஓடியது. வில்லனும் நாயகனும் அதுவே. ஏப்ரல் 29இன் பிடிப்பை மலையாளச் செய்தித் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. லாரி மலையிறங்கியபோது அவர்களுக்கு நின்றுபோனது ஒரு நிகழ்ச்சி. ஊருக்குள் இருந்தது வேறு கணக்கு. 301 பழங்குடிக் குடும்பங்களுக்கென அமைக்கப்பட்டதால் 301 காலனி என்று பெயர்பெற்ற குடியிருப்பு யானைகளின் வழித்தடத்தில் அமைந்தது என்ற விமர்சனம் பழையது. யானைக்கு அஞ்சி அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டை விட்டுப் போனதைப் பற்றி எந்த மனுவும் பரவியதாக எனக்கு நினைவில்லை. ஊரில் ஒரே கருத்து இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். முதுவர் குடிகளில் சிலர் யானை திரும்ப வேண்டும் என்றே கேட்டனர். காடும் யானையும் அவர்களுக்கு அண்டை அயல். அவர்களையும் எர்ணாகுளத்தில் அமர்ந்து ஒப்பமிட்டவரையும் ஒரே பட்டியலில் எண்ணுவதுதான் எனக்கு உறுத்துகிறது. கடையடைத்த முதலமடையின் குரல் கேட்டது. அது தன் சாலையை, தன் அன்றைய வருமானத்தை நிறுத்திவைத்துக் கேட்டது.

மாணவருக்கு இன்று காலை எழுதிய பதில் சுருக்கமானதுதான். மனுவின் பெறுநராகத் தளத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. தொடரின் உரிமை தளத்திடமா, தயாரிப்பாளரிடமா என்று முதலில் கண்டுபிடியுங்கள். தயாரிப்பாளரிடம் எனில், அவருக்கும் வேறு தளங்களுக்கும் எழுதுங்கள். மூன்றாம் சீசன் என்பதை விட்டு, கதையை முடிக்க ஓர் இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். ஒப்பமிட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தளத்தின் சந்தாவை இம்மாதம் புதுப்பிக்காமல் விடுவார்கள் என்று ஒரு கட்டம் சேருங்கள்.

அரை மணி நேரத்தில் மறுமொழி வந்தது: "அண்ணா, நானே அடுத்தவங்க அக்கவுண்ட்லதான் பார்க்கிறேன்."